தீப்பெட்டிப் படமும் பாடப்புத்தகப் படமும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி லேபிள்கள் எழுத்துத் தெரியாதவர்களையும் மனத்தில் வைத்து வரையப்பட்டவை. பெட்டிக்கடை வாசலில் நின்று "மயில் படம் போட்டது ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவருக்கு அந்த மயில் இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்க வேண்டும், எட்டி நின்று பார்த்தாலும் மயிலாகவே தெரிய வேண்டும். அதனால் லேபிள் வரைந்தவர்கள் ஒரு உருவத்துக்கு மேல் பெரும்பாலும் வைக்கவில்லை. கோடு தடிப்பாக இருந்தது. பின்னால் மலையும் மரமும் வேண்டாம் என்றால் விட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி மற்றதை ஒதுக்கும் இந்தப் பழக்கம் பாடப்புத்தகம் தயாரிப்பவர்களிடம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டியிருந்தது, அச்சு வந்த பிறகு காலண்டரும் வந்தது. அந்தக் காலண்டருக்குப் படம் எழுதுகிறவர்களின் ஊராகக் கோவில்பட்டி ஆனது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்த சி. கொண்டையராஜு 1940களில் இங்கே வந்து நிலைத்தார். அவருடைய தேவி ஆர்ட் ஸ்டுடியோவைச் சுற்றி டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று ஒரு சீடர் வரிசையே உருவாயிற்று. அவர்கள் எழுதிய முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சில் ஏறி வீடுவீடாகப் போயின. கல்யாணப் படத்தில் தாரை வார்த்துக் கொடுப்பது யார், எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பாட்டிமார் விரலால் தொட்டுத் தொட்டுப் பேரப்பிள்ளைக்குக் கதை சொன்னார்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே படப்புத்தகம் சுவரில் தொங்கியது.

பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியும் இந்த வரிசையில் வருகிறார். 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார ஏட்டில் அவர் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். படத்தோடு அதன் விளக்கமும் வந்தது. சுங்கம், வரி, சுதேசிக் கப்பல் என்று வாசகருக்குச் சிக்கலாக இருந்த அரசியலைக் காட்சியாக மாற்றிக் கொடுக்கும் வேலை அது. முழுக்கப் படங்களால் ஆன 'சித்ராவளி' என்ற ஏட்டுக்கும் திட்டம் வைத்திருந்தார். அது வெளிவரவில்லை.

ஆகவே இந்தக் கரிசல் பூமிக்குப் படம் புதுசு இல்லை. படத்தால் வியாபாரம் செய்தார்கள், சாமி கும்பிட்டார்கள், அரசியல் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் படம் வெகுகாலம் அலங்காரமாகவே இருந்தது. இந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான் படக்கதை, செய்து பார்க்கும் அட்டை, தொட்டு நகர்த்தும் திரை என்று பாடப்பொருளின் வடிவம் மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தில் எது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது, எது பாதி வழியில் நின்றது என்று பார்ப்பதே இங்கே நோக்கம். என் அளவுகோல் ஒன்றுதான்: படத்தைப் பார்த்த பிறகு பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் என்ன வேலை மிச்சம் இருக்கிறது? எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிடும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கிறது.

இதற்குக் கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அங்குள்ள வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. மலைப்பாறையில் சுற்றிலும் பள்ளம் தோண்டி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்திருக்கிறது. அதன் கீழே தெய்வ உருவங்களும் முடிந்திருக்கின்றன. அடிப்பகுதி முடியவில்லை. வேலை நின்ற இடத்தில் பாறை கரடுமுரடாக அப்படியே கிடக்கிறது. இது முழுசாக முடிந்திருந்தால் நாமும் மற்றக் கோயில்களைப் போலப் பார்த்து வியந்துவிட்டு வந்திருப்போம். முடியாததால்தான் அதைச் செய்த முறை தெரிகிறது. "ஏன் மேலே இருந்து ஆரம்பிச்சாங்க?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். சாரம் வேண்டாம், நிற்கப் பாறையே இருக்கிறது, உடைத்த கல்லைக் கீழே தள்ளலாம் என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகப் பதில் கண்டுபிடிக்கும். அதே மலையில் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்சுவநாதர் தவத்தில் நிற்க, மேலே ஒருவன் பாறையைத் தூக்கி எறியப் பார்க்கிறான், நாகராசன் படம் விரித்துக் காக்கிறான். ஒரே சட்டகத்துக்குள் பகை, ஆபத்து, காவல் மூன்றும் இருக்கின்றன. அடுத்து என்ன நடந்தது என்பதைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். பாடப்பொருள் வடிவமைக்க விரும்புகிறவர் எவரும் இந்த இரண்டையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வெளிநாட்டு வரலாற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1658இல் நியூரம்பர்க்கில் கொமேனியஸ் வெளியிட்ட படப்புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எண் போட்டு, அதே எண்ணைப் பக்கத்திலுள்ள சொல்லிலும் போட்டார். பிள்ளையின் கண் படத்துக்கும் சொல்லுக்கும் நடுவே போய்வர ஒரு பாதை போட்டுக் கொடுத்தார் என்று சொல்லலாம். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து, அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதையே சோதனைகளால் காட்டினார்கள். சொல்லோடு பொருத்தமான படமும் சேர்ந்தால் வெறும் சொல்லைவிடப் புரிதல் கூடுகிறது. படம் ஒரு பக்கம், அதன் விளக்கம் மறுபக்கம் என்றால் குறைகிறது. சுவாரசியத்துக்காகப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத தகவலையும் படத்தையும் சேர்த்தால் பிள்ளைகள் அதையே நினைவில் வைத்துக்கொண்டு பாடத்தைக் கோட்டை விடுகிறார்கள். நம் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற 'உங்களுக்குத் தெரியுமா?' கட்டங்களைப் பற்றி நாம் கொஞ்சம் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்த ஊரகக் கல்வி மையம் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையிலிருந்து அது வந்தது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 2007-08இல் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம் இருக்கும். சுவரில் கற்றல் ஏணி தொங்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்தச் சின்னத்து அட்டையை எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளை தானே பார்த்து எடுத்துவந்து பாயில் உட்காரும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரும்.

இதன் அருமை கரிசல் கிராமத்துக்காரருக்கு உடனே விளங்கும். வானம் பார்த்த பூமி இது. ஊரில் பத்து இருபது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர். ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு ஓராசிரியர் பள்ளிதான். பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு நாட்களில் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை நின்றுவிடும். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பாடப்புத்தக ஏற்பாடு இந்த வாழ்க்கைக்கு எப்போதும் பொருந்தியதில்லை. அட்டை பொருந்தியது. ஆசிரியர் முழு உதவிக் குழு, சக மாணவர் உதவிக் குழு, தானே கற்கும் குழு என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்தார்கள். கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் இருந்தது. வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் இருந்தது. இன்று வெயிலா மேகமா என்று குறிக்கும் காலநிலை அட்டவணையைப் பிள்ளைகளே நிரப்பினார்கள். தங்கள் வகுப்பறையைத் தாங்களே வாசித்து நடத்தினார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. திரை எதுவும் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், பிள்ளையின் செயலுக்கு மறுசெயல் தரும் ஒரு வடிவமைப்பு அது.

குறைகளும் இருந்தன. ஒரு அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும். பதிவேடு எழுதுவது ஆசிரியருக்குப் பெரும் பாரமாயிற்று. நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, வீட்டுப்பாடம் இல்லையே என்று பெற்றோர் சங்கடப்பட்டார்கள், சிலர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் குறை வேறு. சென்னைக்கும் நீலகிரிக்கும் விளாத்திகுளத்துக்கும் ஒரே அட்டை. ரிஷிவேலியில் அட்டையை ஆசிரியர்களே எழுதி வரைந்து திருத்தினார்கள். இங்கே அது அச்சாகி வந்து இறங்கியது. அட்டையை மாற்ற ஆசிரியருக்கு வழியும் இல்லை, வண்ணமும் இல்லை. மாற்ற முடியாத பொருள் சீக்கிரம் பழசாகிவிடுகிறது.

ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. அதன் நடுவில் மனவரைபடம். பாடத்தைப் படித்துவிட்டுப் பிள்ளை தன் புரிதலைக் கிளைகளாக வரைய வேண்டும். யோசனை நல்லது. பல வகுப்பறைகளில் ஆசிரியர் பலகையில் ஒரு மனவரைபடம் போட, நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதினார்கள். நாற்பது மனத்துக்கும் ஒரே வரைபடம். அதிகாரி பார்வையிட வரும்போது காட்ட வேண்டிய பொருளாக அது மாறிப்போனதே காரணம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

பெரியவர்களுக்கான கல்வியில் படம் வேறு விதமாக வேலை செய்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தென்மாவட்டங்களில் பரவியபோது, கோவில்பட்டி இலக்கிய வட்டாரத்தில் உருவான எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் நெல்லை மாவட்ட இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். அந்த அனுபவத்தை 'இருளும் ஒளியும்' என்ற நூலாகவும் எழுதினார். அறிவொளிப் பாடத்தில் அகர வரிசை முதலில் வரவில்லை. 'பட்டா' போன்ற சொல்லும் அதற்கான காட்சியும் முன்னே வந்தன. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பேச்சு கிளம்பிய பிறகே எழுத்துக்கு வந்தார்கள். பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களோடு செய்த முறையின் வழிவந்தது இது. அங்கே ஓவியர் பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் வரைந்த படங்களைச் சுவரில் காட்டி, இதில் இயற்கையாக இருப்பது எது, மனிதர் செய்தது எது என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கரிசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு கண்மாய், கரையில் பனை, உள்ளே வேலிக்கருவை, தூரத்தில் காற்றாலை, ஓரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். இந்தப் படத்தை வைத்து ஐந்தாம் வகுப்பில் கேட்டால் முதல் சண்டை கண்மாயில் வரும். அது எப்போதும் இருந்ததுதானே என்று பாதிப் பேர் சொல்வார்கள். கரையை யார் போட்டது, மடை யார் வைத்தது என்று மீதிப் பேர் கேட்பார்கள். இரண்டாவது சண்டை வேலிக்கருவையில். காடு முழுக்க நிற்கிற அந்த மரம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று தெரிந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஒரு படமும் ஒரு கேள்வியும் ஒரு வாரத்துப் பாடத்தை இழுத்துக்கொண்டு போகும்.

இப்படிப்பட்ட படம் நம் பிள்ளைகள் கையில் இல்லை என்பதுதான் வருத்தம். கடையில் விற்கும் அகர வரிசை சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உ-வுக்கு உரல் படம், ஒ-வுக்கு ஒட்டகம். உரல் இன்று பல வீடுகளில் இல்லை. ஒட்டகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஓ-வுக்கு ஏற்ற ஓணானோ வேலிக்கு வேலி உட்கார்ந்திருக்கிறது. பார்க்காததைப் படத்தில் காட்டுவதும் கல்விதான், அதில் தகராறு இல்லை. ஆனால் எழுத்தைப் பழக்க வரும் படம் பிள்ளைக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். தெரியாத எழுத்துக்குத் தெரியாத படத்தைத் துணைக்கு அனுப்பினால் பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

இன்னும் பெரிய இடறல் மண்ணிலேயே இருக்கிறது. புவியியல் பாடங்களில் கரிசல் என்றால் தக்காண எரிமலைக் குழம்பு உறைந்து சிதைந்த மண் என்று படத்தோடு வரும். மராட்டியத்துக்கு அது சரி. தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரக் கரிசலுக்கு அந்த எரிமலைப் பாறை அடியில் இல்லை. இங்குள்ள பழைய நைஸ் வகைப் பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து உண்டான கரிசல் இது. எரிமலைப் படத்தைப் பார்த்த பிள்ளை கோவில்பட்டிக்கு அடியில் எரிமலை இருந்தது என்று எழுதினால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதைவிடச் சின்னதாக ஒரு காரியம் செய்யலாம். ஒரு டப்பாவில் கரிசல், இன்னொன்றில் செவக்காட்டு மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, உயரத்தைக் கோடு போட்டுக் குறித்து, காயவிட்டு, வெடிப்பை அளந்து வரைய வேண்டும். தண்ணீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் தாது கரிசலில் இருப்பதைப் பிள்ளை தன் வரைபடத்திலேயே பார்க்கும். அம்மா ஏன் கோடையில் வெடிப்புக்குள் கால் போகாமல் பார்த்து நட என்கிறாள் என்பதும் விளங்கும்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் தோற்றத்தில் பெரிய பாய்ச்சல். தாளும் வண்ணமும் படங்களும் முன்பு அரசுப் புத்தகத்தில் காணாத தரத்தில் வந்தன. விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சாயின. கணக்குப் பாடத்தில் ஜியோஜீப்ரா மென்பொருளால் கோணத்தை நகர்த்திப் பார்க்கும் இணையச் செயல்பாடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2024இல் 20,000க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் வேலை நடந்தது. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். முக்கோணத்தின் உச்சியைத் திரையில் இழுக்க இழுக்க மூன்று கோணமும் மாறி, கூட்டுத்தொகை மட்டும் 180லேயே நிற்பதைப் பார்ப்பது பலகையில் கிடைக்காத அனுபவம்.

ஆனால் இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒருவர் பாடம் நடத்தும் காணொளி ஓடுவது ஒன்று. பிள்ளை எதையோ நகர்த்த, அதற்கேற்ப எதுவோ மாறுவது இன்னொன்று. முதலாவது இன்னொரு விரிவுரை. அதற்குக் கைப்பேசி வேண்டும், டேட்டா வேண்டும். வீட்டில் உள்ள ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருப்பார், ராத்திரி வந்து அண்ணனுக்குப் பிறகுதான் தங்கச்சிக்குக் கிடைக்கும். கொரோனாக் காலத்தில் இந்த வரிசையில் கடைசியில் நின்ற பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த இழப்பை ஈடுகட்ட 2021இல் இல்லம் தேடிக் கல்வியும் 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பயிற்சி நூல்கள் பிரிந்தன. ஒரே வகுப்பில் பல நிலை என்ற செயல்வழிக் கற்றலின் அடிப்படை உண்மை வேறு பெயரில் திரும்ப வந்தது. பாடல், பொம்மை, கதை எல்லாம் சேர்ந்தன. பயிற்சி நூலில் கோடிட்ட இடம் நிரப்புவதும் இணைப்பதும் மிகுந்து, பிள்ளை தானாக வரைய வெற்றிடம் குறைந்துவிட்டது என்பதை மட்டும் குறையாகச் சொல்வேன்.

கைக்கு வேலை கொடுக்கும் கல்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நெருப்புக்குச்சியில் இருக்கிறது. கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து ஒரு கட்டுமான விளையாட்டை உருவாக்கினார். டியூபைச் சின்னத் துண்டாக வெட்டி இரண்டு முனையிலும் குச்சியைச் செருகினால் மடங்கும் மூட்டு. மூன்று குச்சி, மூன்று துண்டு சேர்த்தால் முக்கோணம், அதை எவ்வளவு அமுக்கினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிச் சதுரத்தைத் தொட்டாலே சாய்ந்து சாய்சதுரம் ஆகும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணம் என்பதற்கு விரலே பதில் கண்டுபிடித்துவிடுகிறது. மூன்று குச்சி சேரும் மூட்டுக்கு டியூபில் முள்ளால் துளை போட வேண்டும்.

முள்ளுக்கும் குச்சிக்கும் கோவில்பட்டியில் பஞ்சமா? மருந்து முக்காத வெறுங்குச்சி மூட்டை மூட்டையாகக் கிடக்கும் ஊர் இது. உடைமுள்ளும் கருவை முள்ளும் பள்ளிக்கூட வேலியிலேயே இருக்கின்றன.

இதை எழுதும்போது இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் விரல்களுக்குக் குச்சி என்றால் அதைக் கட்டைச் சட்டத்தில் அடுக்குவதுதான். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போனது. பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாதவருக்காக வரைந்த அந்தப் படங்களை, எழுத்துக் கற்க முடியாமல் போன பிள்ளைகள் நாள் முழுதும் ஆயிரக்கணக்கில் ஒட்டினார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது, சிறப்புப் பள்ளிகள் வந்தன, சத்துணவும் பள்ளிகளும் பெற்றோரின் பிடிவாதமும் சேர்ந்து பிள்ளைகளை வகுப்பறைக்கு மீட்டன. இன்று அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் பல பிள்ளைகளுக்குப் பாட்டி. பேத்தி அதே குச்சியால் முக்கோணம் கட்டிக் காட்டும்போது பாட்டிக்கும் அந்தப் பாடத்தில் சொல்ல ஏதாவது இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை கட்டை, கட்டைக்கு எத்தனை குச்சி, அதற்கு என்ன கூலி என்பதே நல்ல பெருக்கல் கணக்கு. பள்ளிக்கு அவரை அழைத்து வந்து கேட்கலாம்.

பிள்ளைக்கு வேலை மிச்சம் வைக்க வேண்டும் என்ற விதி கதைக்கும் பொருந்தும். இடைசெவலின் கி. ராஜநாராயணன் எழுத்தில் கொண்டுவந்த கரிசல் கதை மரபில், கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால் கதை நகராது. உம் நின்றால் தூங்கிவிட்டாயா என்று கதை நிற்கும். கேட்பவரின் குரல் கதையின் ஒரு பாகம். நடுவில் அழிப்பாங்கதை போட்டால் அதை அவிழ்த்த பிறகுதான் மேலே போக முடியும். திரையில் பொத்தானை அழுத்தினால் கதை நகரும் செயலிகள் செய்வது இதைத்தான். பொத்தானைவிட உம் நிறையச் சொல்லும். பயமா, சந்தேகமா, சலிப்பா என்று குரலில் தெரியும்.

சிறார் வாசிப்புக்கும் நல்ல நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கர் கீழடியைப் பின்னணியாக வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987இலிருந்து படமும் சோதனையுமாக வந்துகொண்டிருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் படக்கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பக்கத்துக்கு ஓரிரு வரி, மீதியைப் படம் சொல்லும். மெதுவாக வாசிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை வெட்கமில்லாமல் ஒரு புத்தகத்தை முடித்துவிட முடிகிறது. இந்த நூல்கள் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. படம் மட்டும் உள்ள பக்கங்களைச் சேர்த்து, அதற்கு வரியை அந்தந்த ஊர்ப் பேச்சில் பிள்ளைகளே எழுதும்படி ஒரு வரிசை வந்தால் இன்னும் நல்லது.

இந்தப் படங்களும் பாடப்பொருள்களும் பயன் தருகின்றனவா என்று எப்படி அறிவது? பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்பது போதாது. வண்ணப் படம் எல்லாருக்கும் பிடிக்கும். மூடி வைத்துவிட்டு வரையச் சொல்ல வேண்டும். நீர்ச் சுழற்சிப் படத்தை நூறு முறை பார்த்த பிள்ளை அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுகிறது என்று பார்த்தாலே புரிந்ததும் புரியாததும் தெரியும். வேண்டுமென்றே ஒரு பிழை வைத்த படத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் செலவு ஒரு தாள். தேர்வில் இவற்றுக்கு இடமில்லாததால் வகுப்பிலும் இடம் கிடைப்பதில்லை, அங்கேதான் மாற்றம் தொடங்க வேண்டும். ஆசிரியர் பக்கமும் பார்க்க வேண்டும். துணைக்கருவி செய்ய நேரமும் தாளும் கொடுக்காமல், செயலியில் பதிவேற்ற மட்டும் சொன்னால் அவர் சிவகாசிச் சார்ட்டை வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மாநிலத்துக்கு ஒரே பாடநூல் இருக்கட்டும், அதில் ஒரு சமத்துவம் உண்டு. அதோடு சேர்த்துத் தொங்கவிட இந்த வட்டாரத்துக்கென்று ஒரு பள்ளிக் காலண்டர் செய்யலாம் என்பது என் யோசனை. பன்னிரண்டு தாள், பெரிய அளவு. ஒவ்வொரு தாளிலும் பாதிப் படம், மீதி வெற்றிடம். புரட்டாசித் தாளில் மழைக்கு முந்தின விதைப்புக்குத் தயாரான காடு இருக்கும், முதல் மழை என்றைக்கு, எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகள் குறிக்கும் கட்டங்கள் இருக்கும். ஐப்பசியில் உளுந்தும் பாசியும் கம்பும் முளைத்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை வரைய இடம் இருக்கும். மாசியில் பருத்திக் காய் வெடிப்பு. சித்திரையில் மண் வெடிப்பு, அளவுகோலோடு. கோவில்பட்டியில் 1901இலிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மழையும் மானாவாரிப் பயிரும் அவர்களுக்கு அத்துப்படி. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் பக்கத்திலேயே வானரமுட்டியில் இருக்கிறது. வரைய ஊரிலேயே ஓவியர்கள் உண்டு.

அச்சுக்குச் சிவகாசி. அங்கே ஆடிப் பதினெட்டில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகி, தை வரைக்கும் இயந்திரங்களுக்கு ஓய்வு இருக்காது. தைக்குப் பிறகு வேலை குறையும்போது கொடுத்தால் ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் தாள்கள் வந்து சேரும். அப்படியென்றால் ஆசிரியர்களும் ஓவியர்களும் முந்தின ஐப்பசியிலேயே காட்டுக்குள் இறங்கி வரையத் தொடங்கியிருக்க வேண்டும். பயிர் நிற்கும்போது பார்த்து வரைந்தால்தான் இலை சரியாக வரும்.